தலைகீழ் ஃபோர்க்கும் தலைகீழ் நியாயங்களும்

முன்குறிப்பு: இது சைக்கிள் பதிவு. வீட்டுக்கடன், வட்டி விகிதம் என்று தேடி வந்தவர்கள் பழைய பதிவுகளுக்குப் போகவும். வீட்டில் பன்னிரண்டு வயசுக்கு மேல் பிள்ளை இருந்து, அந்தப் பிள்ளை கையில் யூடியூபும் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள் :-)

யு.எஸ்.டி. என்றால் இருபது வருஷமாக எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். காலையில் கிளையைத் திறந்ததும் ரேட் பார்க்கிற சமாச்சாரம். இப்போது எங்கள் புனே தமிழ் சைக்கிள் குழுவில் நாலு மாதமாக யு.எஸ்.டி., யு.எஸ்.டி. என்று ஒரே அமர்க்களம். ரூபாய் மறுபடி சரிந்துவிட்டதோ என்று பார்த்தால், விஷயம் வேறு. அப்சைட் டவுன் ஃபோர்க்காம். தலைகீழ் ஃபோர்க். மலைச் சைக்கிளின் முன்பக்க சஸ்பென்ஷனைத் தலைகீழாகக் கவிழ்த்து மாட்டி, விலையை மட்டும் நேராக மேலே ஏற்றி விற்கிற சாமான்.

எங்கள் ஊர் சைக்கிள் கடையில் இதற்குப் பெயர் 'போர்க்கு'. ஒற்றை இரும்பு. வளைந்தால் தட்டி நிமிர்த்துவார்கள், உடைந்தால் வெல்டிங். அங்கிருந்து வந்தவன் நான். பி.காம். படித்தவன், இன்ஜினியர் கிடையாது. ஆனால் பத்து வருஷமாக வேதாள் டேக்டியிலும் லோனாவாலா பக்கத்துப் பாதைகளிலும் ஓட்டுகிறேன். என் ஃபோர்க்கை நானே பிரித்து சர்வீஸ் செய்கிறேன். குழுவில் இருக்கிற இன்ஜினியர்கள் யாரும் வாயைத் திறக்காததால் நான் திறக்கிறேன்.

முதலில் சாமான் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சாதாரண ஃபோர்க்கில் மெல்லிய பளபளப்பான உள்குழாய் இரண்டும் மேலே, ஹேண்டில்பார் பக்கம் பிடித்திருக்கும். கீழே தடிமனான வெளிக்குழாய்கள், மெக்னீசிய வார்ப்பு, சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் போகும். இரண்டு வெளிக்குழாய்களையும் டயருக்கு மேலே ஒரு வளைவு இணைத்திருக்கும், கோயில் தோரணம் மாதிரி. தலைகீழ் ஃபோர்க்கில் தடிமன் குழாய் மேலே, பளபளப்பு உள்குழாய் கீழே, தரைக்குப் பக்கத்தில். வளைவு கிடையாது. இரண்டு காலையும் இணைப்பது சக்கரத்தின் அச்சு ஒன்றுதான்.

இதில் நல்லது எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போதும் குழியில் இறங்கும்போதும் ஃபோர்க்கை வளைக்கிற விசை மேலே, பிடிப்புப் பக்கத்தில்தான் அதிகம். அங்கே தடிமன் குழாய் வருவதால் முன்பின்னாக வளைவது குறையும். எண்ணெய் தானாகவே கீழே வந்து சீலையும் புஷ்ஷையும் நனைத்துக்கொண்டே இருக்கும், அதனால் சின்னக் கல்லுக்குக்கூட வழுக்கிக்கொண்டு இறங்கும். ஓட்டிப் பார்த்திருக்கிறேன், சுகமாகத்தான் இருக்கிறது.

ஆனால் விற்கிறவர் இதையா சொல்கிறார்? அவர் சொல்வது வேறு. "மோட்டார் சைக்கிள்ல எல்லாம் இதுதானே சார்? கேடிஎம் டியூக்ல இருக்கு, பல்சர்ல வந்தாச்சு, புது ஹிமாலயன்லயும் இதுதான். அவங்கல்லாம் முட்டாளா?"

இந்த ஒரு வாக்கியத்தில்தான் குடும்பம் குடும்பமாகக் கவிழ்கிறார்கள். சரி, பார்ப்போம். இந்தியாவில் 2012-ல் வந்த 200 டியூக்கில் தலைகீழ் ஃபோர்க் இருந்தது உண்மை. குழாய் 43 மில்லிமீட்டர். பல்சர் என்.எஸ்.200-க்கு 2023-ல் வந்தது, அதே வருஷம் வந்த ஹிமாலயன் 450-லும் இருக்கிறது. எல்லாம் உண்மை. ஆனால் மோட்டார் சைக்கிளின் உள்குழாய் எஃகு. அதன் மேல் கெட்டி குரோமியம் பூச்சு. கல் பட்டால் கல்லுக்குத்தான் பெரும்பாலும் சேதம். சைக்கிளில் எடை குறைய வேண்டுமே, அதனால் உள்குழாய் அலுமினியம். அதன் மேல் அனோடைசிங் என்கிற ஆக்சைடு படலம், சில பத்து மைக்ரான் கனம். படலம் கெட்டிதான், சந்தேகமே இல்லை. எமரித் தாளில் இருப்பதும் அதே அலுமினியம் ஆக்சைடுதான். ஆனால் அடியில் இருப்பது மெத்தென்ற உலோகம். முட்டை ஓடும் கெட்டிதான், விரலால் தடவிப் பாருங்கள். கூரான கருங்கல் முனை ஒரே புள்ளியில் வேகமாக மோதினால் ஓடு உள்வாங்கிவிடும்.

அது போகட்டும். மோட்டோகிராஸ் வண்டியைப் பாருங்கள். தலைகீழ் ஃபோர்க், ஆனால் உள்குழாய் தெரியவே தெரியாது. முன்னால் பெரிய பிளாஸ்டிக் கவசம் மூடியிருக்கும். மோட்டார் சைக்கிளை உதாரணம் காட்டுகிறவர் அந்தக் கவசத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டாமா? எங்கள் குழுவில் இரண்டு பேர் வாங்கிய ஃபோர்க்கில் கவசமே இல்லை. கேட்டால், "லுக் போயிடும் சார்" என்றாராம் கடைக்காரர்.

இன்னொன்று. டியூக்கின் ஃபோர்க் சீல் போனால் விருதுநகரிலும் மாற்றலாம், விஜயவாடாவிலும் மாற்றலாம். குழாய் லேசாக வளைந்தால் நிமிர்த்தித் தருகிற லேத் பட்டறைகள் இருக்கின்றன, பூச்சு போனால் மறுபடி குரோம் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். சைக்கிள் ஃபோர்க்கின் உள்குழாய்க்கு அனோடைசிங் போன பிறகு எந்தப் பட்டறைக்குப் போவீர்கள்? அளவில் ஒரு துளி மாறினாலும் புஷ் பிடிக்காது. குழாயையே மாற்ற வேண்டும். அது கிடைக்குமா என்பதுதான் கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன்.

எடை குறையும் என்று இன்னொரு சரடு. சக்கரத்தோடு ஆடுகிற பாகத்தின் எடை குறைந்தால் நல்லது என்பது சரி. ஆனால் சைக்கிளில் ஏற்கெனவே அந்தப் பாகம் மெக்னீசியம். அலுமினியத்தை விட மூன்றில் ஒரு பங்கு அடர்த்தி குறைவான உலோகம். அதைத் தூக்கி மேலே வைத்து அலுமினியத்தைக் கீழே கொண்டுவந்து என்ன பெரிதாக மிச்சம்? போதாததற்கு, முறுக்கைத் தாங்க அச்சையும் பிடிப்பையும் தடிமனாக்குகிறார்கள். கணக்கு நேராகிவிடும்.

இப்போது எதிர்க்கட்சிக்கு வருகிறேன். தலைகீழ் ஃபோர்க் என்றாலே "ஒரு கல் பட்டால் போச்சு, லட்ச ரூபாய் காலி" என்று பயமுறுத்துகிற கோஷ்டி ஒன்று இருக்கிறது. இவர்கள் சொல்வதும் அரைகுறைதான், நம் பக்கம் பேசுகிறார்கள் என்பதற்காக விட்டுவிட முடியாது.

கல் எங்கே படுகிறது என்று பாருங்கள். டயர் தெறிக்கிற கல்லும் பாதையோரப் பாறையும் பெரும்பாலும் அச்சுக்குப் பக்கத்தில்தான் இடிக்கும். உள்குழாயின் அந்தக் கடைசிப் பகுதி சீலுக்குள் எப்போது போகும்? ஃபோர்க் முழுசாக அமுங்கும்போது மட்டும். பெரிய பள்ளத்தில் குதித்தால்தான் அது நடக்கும். சாதாரண ஓட்டத்தில் சீல் தேய்த்துக்கொண்டு போகிற பகுதி அதற்கு மேலே. ஆகவே எல்லாக் கீறலும் ஒன்றல்ல. மேலோட்டமான வெள்ளைக் கோடு ஒன்றுமே செய்யாது. பார்க்க வேண்டியது பிசிறு. உலோகம் குழிந்து விளிம்பு மேலே எழும்பி நிற்கிறதே, அதுதான் சீலின் உதட்டை ஒவ்வொரு முறையும் கத்தி மாதிரி வெட்டுகிறது. கண்ணால் பார்த்தால் தெரியாது. நகத்தை மேலும் கீழுமாக ஓட்டிப் பாருங்கள், தட்டுகிறதா? தட்டினால் நல்ல நைஸ் வாட்டர் பேப்பர், 2000 நம்பர், தண்ணீர் தொட்டு அந்த இடத்தில் மட்டும் தேய்த்து விளிம்பை இறக்க வேண்டும். குழியை நிறமில்லாத நெயில் பாலிஷால் நிரப்பி, காய்ந்ததும் மறுபடி லேசாகத் தேய்க்க வேண்டும். உலகம் முழுக்கச் செய்கிற வைத்தியம்தான். வீட்டம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டு பாட்டிலை எடுக்கவும், அந்தச் சேதாரத்துக்கு நெயில் பாலிஷ் மருந்தில்லை.

சாதாரண ஃபோர்க்கிலும் உள்குழாய் கீறும். கீழே விழுந்து பாறையில் உரசினால், காரின் பின்னால் இரண்டு சைக்கிளை ஒட்டிக் கட்டினால், கீறத்தான் செய்யும். அதில் உள்குழாய்கள் மேல் பிடிப்போடு இறுக்கி அழுத்திப் பொருத்தப்பட்டவை என்பதால் ஒன்று போனால் மொத்த மேல்பாகத்தையும் மாற்றச் சொல்வார்கள். ஆகவே கல்லைக் காட்டி மட்டும் பயமுறுத்துவது நியாயமில்லை.

என் சண்டை கல்லோடு இல்லை. கல் பட்ட பிறகு நடப்பதோடு.

சாதாரண ஃபோர்க்கில் புஷ்ஷை நனைக்கிற எண்ணெய் வெளிக்குழாயின் அடியில், கிண்ணத்தில் இருப்பது போல் தங்கும். சீல் மேலே. சீல் கிழிந்தாலும் எண்ணெய் ஓடிவிடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். தலைகீழில் சீல்தான் கிண்ணத்தின் அடிப்பக்கம். அது கிழிந்தால் மேலே இருப்பதெல்லாம் கீழே. கீழே என்ன இருக்கிறது? இடது காலில் டிஸ்க் பிரேக். எண்ணெய் உள்குழாய் வழியாக இறங்கி நேராக கேலிப்பர் பக்கம் போய்ச் சேரும். டிஸ்க் தகட்டில் ஒரு சொட்டு, பேடில் ஒரு சொட்டு, அவ்வளவு போதும். பேட் எண்ணெயைக் குடித்துவிட்டால் முன்பிரேக் பிடிக்கும் பாதிக்கு மேல் போய்விடும். சைக்கிளில் இறக்கத்தில் நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குடையது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போன மழைக்காலத்தில் எங்கள் குழுவில் ஒருவர், கோயம்புத்தூர்க்காரர், இரண்டாம் கையாக வாங்கிய தலைகீழ் ஃபோர்க் சைக்கிளோடு சிங்ககட் ஏறினார். ஏறுகிற வரை ஒன்றுமில்லை. இறங்கும்போது மூன்றாவது வளைவில் முன்பிரேக் லிவர் கைக்கு வருகிறது, வண்டி நிற்கவில்லை. பின்பிரேக்கை மட்டும் அழுத்தியதில் ஈரத்தில் பின்சக்கரம் வழுக்கி ஓரச் சுவரில் போய் மோதினார். மணிக்கட்டு எலும்பு விரிசல், ஆறு வாரம் கட்டு. பிறகு நாங்கள் பார்த்தபோது இடது உள்குழாயில் அரிசி மணி அளவுக்கு ஒரு வெட்டு, அதற்கு மேலே சீல் கிழிந்து, கேலிப்பர் முழுக்க எண்ணெயும் சேறும். விற்ற கடையில் கேட்டால், "ஓட்டற முன்னாடி துடைச்சுப் பார்க்கணும் சார்" என்றார்கள். வாங்கும்போது இந்த வாசகத்தை யாரும் சொல்லவில்லை. கடையின் பெயர் வேண்டாம், இங்கே எல்லாக் கடையிலும் இதே பதில்தான் கிடைக்கும்.

அவருக்கு அந்தச் சுவர் இருந்தது. சுவர் இல்லாத வளைவும் அந்த ரோட்டில் உண்டு.

அடுத்தது முறுக்கு. தோரண வளைவு இல்லை என்றேன் இல்லையா. பிரேக் கேலிப்பர் இடது காலில் மட்டும்தான், ஆகவே பிரேக் பிடிக்கும்போது விசை ஒரு காலில். ஏர் ஸ்பிரிங் ஒரு காலில், டேம்பர் இன்னொரு காலில், ஆகவே அமுங்கும்போதும் இரண்டு காலுக்கும் சமமான வேலை இல்லை. சாதாரண ஃபோர்க்கில் வளைவும் அச்சும் சேர்ந்து இரண்டையும் ஒன்றாக ஆட வைக்கும். தலைகீழில் எல்லாப் பொறுப்பும் அச்சின் தலையில். முன்சக்கரத்தை முட்டிகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்பிப் பாருங்கள், கண்ணெதிரே முறுகும். "அந்த நெகிழ்வுதான் பாறையில் வழி கண்டுபிடிக்க உதவுகிறது" என்று சொல்லும் ஓட்டிகள் இருக்கிறார்கள். நல்ல ஓட்டிகளும் இருக்கிறார்கள் அதில். ஆனால் தயாரிப்பாளர்கள் அந்த நெகிழ்வைக் குறைக்கத்தான் இத்தனை வருஷமும் மெனக்கெட்டிருக்கிறார்கள். மானிட்டூ டொராடோவில் அச்சின் முனையை அறுகோணமாகச் செய்து திரும்பாமல் பூட்டினார்கள், கவசமும் கொடுத்தார்கள். டிவிஓ எமரால்டில் கார்பனில் ஒரு வளைவையே செய்து கவசத்தோடு திரும்ப மாட்டினார்கள். எடுத்த வளைவைத் திரும்ப மாட்ட வேண்டி வந்தது ஏன் என்று யோசிக்கலாம்.

ராக்‌ஷாக்ஸ் ஆர்எஸ்-1 கதைதான் எனக்குப் பிடித்தது. அதில் என் தொழில் சம்பந்தப்பட்டது ஒன்று இருக்கிறது. 2014-ல் வந்தது. மேல்பாகம் முழுக்க ஒரே கார்பன் துண்டு, ஃபோர்க் மட்டுமே 1,800 டாலருக்கு மேல். (அந்த யு.எஸ்.டி. இதுதான்!) முறுக்கைச் சமாளிக்க அதற்கென்றே ஒரு தனி ஹப் வடிவமைத்தார்கள், அகலமான தோள்களோடு. வேறு சாதாரண ஹப் எதுவும் பொருந்தாது. ஆக ஃபோர்க் வாங்கினால் ஹப் வாங்க வேண்டும், ஹப் வாங்கினால் சக்கரம் கட்ட வேண்டும், அந்தச் சக்கரம் வேறு சைக்கிளுக்கு ஆகாது. சில வருஷங்களில் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். சொத்து இருக்கிறது, சந்தை இல்லை. வங்கியில் இப்படி ஓர் அடமானத்தோடு யாராவது வந்தால் மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்து வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். இப்போது வெளிநாட்டில் யாரோ கழித்துவிட்ட அந்த மாதிரிச் சைக்கிள்கள்தான் "லிமிடெட் எடிஷன் சார்" என்று இங்கே இரண்டாம் கைச் சந்தைக்கு வருகின்றன. உள்குழாய் கீறினால் ஃபோர்க் போச்சு, ஃபோர்க் போனால் ஹப்பும் சக்கரமும் போச்சு. எங்கள் பாஷையில் 90 நாள் தவணை வராவிட்டால்தான் என்பிஏ. இது வீட்டுக்கு வந்த அன்றே என்பிஏ.

உடனே ஒருவர் கேட்பார் என்று தெரியும்: கேனன்டேல் லெஃப்டி? ஒற்றைக் கால் ஃபோர்க், அதுவும் தலைகீழ்தான், 2000 வாக்கில் வந்தது, இன்னமும் அந்தப் பெயர் ஓடுகிறதே? ஓடுகிறது. பழைய லெஃப்டியைப் பிரித்துப் பாருங்கள், காரணம் தெரியும். உள்ளே சதுரப் பட்டைகளில் ஊசி பேரிங்குகள் ஓடுகின்றன, முறுகவே வழியில்லை. வெளியே அக்கார்டியன் மாதிரி ரப்பர் உறை மூடியிருக்கிறது, கல்லும் சேறும் குழாயைத் தொடாது. இரண்டு பிரச்சினையையும் ஒத்துக்கொண்டு இரண்டுக்கும் விடை வைத்த டிசைன் அது. அதற்காகத் தொப்பியைக் கழற்றுகிறேன். (ஹெல்மெட்டை இல்லை.) ஆனாலும் அதற்கும் தனி ஹப்தான், சர்வீஸுக்குத் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

சரி, 2024-ல் புஷ் நைன் ஒன், 2025-ல் ஃபாக்ஸ் போடியம் என்று பெரிய கம்பெனிகளே மறுபடி தலைகீழுக்கு வந்துவிட்டார்களே, நீ யார் சொல்ல? வந்தார்கள், நல்ல பொருள்களாகவே இருக்கலாம். அவை எந்த ஊருக்குச் செய்தவை? ஃபோர்க்கைப் பெட்டியில் போட்டு அனுப்பினால் பத்து நாளில் சர்வீஸ் ஆகித் திரும்புகிற ஊருக்கு. ராக்‌ஷாக்ஸ் தன் சாதாரண ஃபோர்க்குகளுக்கே 50 மணி நேரத்துக்கு ஒருமுறை கீழ்ப்பாகம், 200 மணி நேரத்துக்கு ஒருமுறை முழு சர்வீஸ் என்று எழுதி வைத்திருக்கிறது. நம்மில் எத்தனை பேர் செய்கிறோம்? வாரம் மூன்று மணி நேரம் ஓட்டினாலே நாலு மாதத்தில் 50 வந்துவிடும். புனேயில் சாதாரண ஃபோர்க்குக்கு ஆள் கிடைக்கிறார்கள். இந்தூரிலோ ராய்ப்பூரிலோ மாற்றலாகிப் போனால் அதற்கே திண்டாட்டம்.

மாற்றல் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தப் பதிவைப் படிக்கிற பாதிப் பேர் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வீட்டைக் கட்டித் தூக்குகிற ஜாதி. வங்கி, ரயில்வே, ராணுவம், சாஃப்ட்வேர். நம் சைக்கிளுக்கு மலையில் ஆகிற சேதத்தை விட லாரியில் ஆகிற சேதம்தான் அதிகம். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் பையன்கள் என்ன செய்வார்கள்? முன்சக்கரத்தைக் கழற்றுவார்கள். ஃபோர்க்கை வெறும் தரையில் ஊன்றுவார்கள். பிறகு கயிற்றை எங்கே கட்டுவார்கள்? ஃபோர்க்கின் காலில். சாதாரண ஃபோர்க்காக இருந்தால் அது பெயின்ட் அடித்த மெக்னீசியம், கயிறு உரசினால் பெயின்ட் போகும், சனியன் போகட்டும். தலைகீழாக இருந்தால் கயிறு உரசுவது நேராக உள்குழாயில். இரண்டாயிரம் கிலோமீட்டர், பீரோ ஒரு பக்கம், கிரைண்டர் ஒரு பக்கம். நம் வீட்டு கிரைண்டரின் கல்லை விடக் கூரான பாறை வேதாள் டேக்டியில்கூட இல்லை.

இதோடு, சக்கரம் கழற்றிய தலைகீழ் ஃபோர்க்கில் இரண்டு காலும் தனித்தனியாகத் திரும்பும், தனித்தனியாக இழுபடும். புது ஊரில் போய் அச்சைத் திரும்ப நுழைப்பதற்குள் இரண்டு காலையும் சரிபார்த்துப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: சக்கரத்தைக் கழற்றவே விடாதீர்கள். கழற்றியே ஆகவேண்டும் என்றால் அச்சை இடையில் ஒரு கட்டையோடு திரும்ப மாட்டி, உள்குழாயில் பழைய ட்யூபை நீளவாக்கில் வெட்டிச் சுற்றி, அதற்கு மேல் அட்டை. ரயில் பார்சலில் போட்டாலும் இதேதான். "ஃபிராஜைல்" என்று எழுதினால் பார்சல் ஆபீசில் கூடுதலாக ஒரு உதை விழும், எழுத வேண்டாம்.

இனி, எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம். மேலே சொன்னதெல்லாம் காசு இருக்கிறவன் சண்டை. இப்போது பதினைந்து, இருபதாயிரம் ரூபாய்ச் சைக்கிளிலும் தலைகீழ் ஃபோர்க் மாதிரியே இரட்டைப் பிடிப்போடு ஒன்று மாட்டி வருகிறது. தடித்த டயர், பளபள ஸ்டிக்கர், பார்த்தால் குட்டி மோட்டோகிராஸ். எங்கள் சொசைட்டியில் மட்டும் நாலு நிற்கின்றன. அவற்றில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே வெறும் ஸ்பிரிங், டேம்பர் கிடையாது. அமுக்கினால் போகும், விட்டால் துள்ளும். அச்சு? மெல்லிய பழைய நட்டு-போல்ட் அச்சு. தலைகீழ் ஃபோர்க்கில் முறுக்கைத் தாங்குகிற ஒரே பாகம் அச்சு என்று பெரிய கம்பெனிகள் அறுகோணம், தனி ஹப் என்று மண்டையை உடைத்துக்கொண்ட இடத்தில் இவர்கள் வைத்திருப்பது அப்பா காலத்து நட்டு. அந்த முன்சக்கரத்தை ஒன்பதாவது படிக்கிற பையனே கையால் முறுக்கிவிடுகிறான். அதில் டிஸ்க் பிரேக் வேறு. கடைக்காரர் பெற்றோரிடம் சொல்வது, "மேடம், இது பைக் டெக்னாலஜி." ஆயிரம் ரெண்டாயிரம் கூடுதலாக வாங்கிக்கொண்டு, இருப்பதை விட மோசமான சாமானை, பிள்ளைக்கு நல்லது என்று சொல்லி விற்கிறார்கள். அதே காசுக்கு நேரான, சஸ்பென்ஷனே இல்லாத இரும்பு ஃபோர்க்கும் நல்ல டயரும் கொண்ட சைக்கிள் கிடைக்கும். பிள்ளைக்குப் பிடிக்காது, தெரியும். என் பையனுக்கும் பிடிக்கவில்லை. ஒரு வாரம் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தான், இப்போது பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போகிறான்.

இதை எழுத வைத்தது பக்கத்து டவர் நண்பர், திருநெல்வேலிக்காரர். பையன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். நல்ல மார்க். வாக்குக் கொடுத்துவிட்டார், சைக்கிள் வாங்கித் தருவதாக. இரண்டாம் கை, 1,15,000 ரூபாய், மேலே சொன்ன தனி ஹப் ஜாதி. "அண்ணாச்சி, ஒரு எட்டு வந்து பாத்துட்டுச் சொல்லுங்க, பய ராத்திரி தூங்க மாட்டேங்கான்" என்றார். போனேன். பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், கடன் மனு கொடுத்தவன் மாதிரி.

கடைக்காரரிடம் ஐந்து கேள்வி கேட்டேன். வாங்கப் போகிறவர்கள் நீங்களும் கேளுங்கள். இந்த ஃபோர்க்குக்கு உள்குழாய் தனியாகக் கிடைக்குமா, எத்தனை நாளில், என்ன விலை? கவசம் எங்கே? ஹப் உடைந்தால் மாற்று? கடைசி சர்வீஸ் எப்போது, யார் செய்தது? சீலை உங்கள் கண்முன்னே துடைத்துவிட்டு இருபது முறை அமுக்கிப் பார்க்கலாமா?

முதல் நாலுக்கு "வரவழைச்சுடலாம் சார்". ஐந்தாவதற்கு ஒப்புக்கொண்டார். வெள்ளைத் துணியால் இரண்டு குழாயையும் துடைத்தேன், பையனே அமுக்கினான். பத்தாவது அமுக்கலில் இடது குழாயில் மெல்லிய ஒரு வளையம். பதினைந்தாவதில் வளையத்திலிருந்து ஒரு கோடு கீழே இறங்க ஆரம்பித்தது. நகத்தை ஓட்டச் சொன்னேன். ஓட்டினான். "தட்டுது அங்கிள்" என்றான். அப்பா மகன் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கடைக்காரர் பத்தாயிரம் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. அதே கடையில் சாதாரண ஃபோர்க்கோடு 78,000-க்கு ஒன்று நிற்கிறது, சனிக்கிழமை மறுபடி போகிறோம். வெள்ளைத் துணியை எடுத்து வைத்துவிட்டேன்.

பி.கு.: தலைகீழ் ஃபோர்க்கை இந்தியாவில் ஐந்து வருஷத்துக்கு மேல் ஓட்டியவர்கள் யாராவது இருந்தால், எத்தனை சீல் மாற்றினீர்கள், உள்குழாய் எங்கிருந்து வந்தது, எவ்வளவு ஆயிற்று என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். "சூப்பராப் போகுது" என்று மட்டும் எழுதுகிறவர்கள் பில்லையும் சேர்த்துப் போடவும் :-)